உரம் வீசும் மெஷினின் ஹிட்சைப் பலப்படுத்துவது எப்படி: கீறல் தேடுவதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை

மலேசியாவில் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் உரம் போடும் வேலை தொடங்கிவிட்டால் எங்கள் பட்டறைக்கு ஓய்வு கிடையாது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் உரம் வீசும் மெஷின்தான் அதிகம் வரும். தொட்டி நன்றாக இருக்கும், கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும். மெஷினை டிராக்டரோடு பிடித்திருக்கும் முன்பக்கச் சட்டம், அதாவது ஹிட்ச், அடியில் கீறிப்போயிருக்கும். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை ஒட்டிய தழும்பும் கூடவே தெரியும்.

நான் வெல்டிங் பழகிய புதிதில் இப்படி ஒரு மெஷின் வந்தது. 12 மி.மீ. தகடு ஒன்றைச் சதுரமாக வெட்டி, கீறலின் மேல் வைத்து, நாலு பக்கமும் ஒட்டி அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஓட்டுநர் அண்ணன் திரும்பி வந்தார். "தம்பி, நீ வச்ச இரும்பு கல்லு மாதிரி இருக்கு. அதுக்குப் பக்கத்துல கிழிஞ்சிருச்சு, வந்து பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். தகடு முடிகிற இடத்தில், வெல்டிங் ஓரத்தை ஒட்டி, நூல் பிடித்தது போல ஒரு கோடு. சட்டம் ஒரு பக்கமாக இறங்கியபோது இரண்டு பேர் தொட்டியில் உரம் கொட்டிக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தடித்த இரும்பை வைத்தால் அந்த இடம் மட்டும் விறைத்துப்போகும். வளைவு முழுவதும் தகட்டின் ஓரத்தில் வந்து சேரும், அங்கேதான் பிளக்கும். விசை எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியைச் சீராக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

விசை போகும் வழி

டிராக்டரின் மும்முனை இணைப்பை ஹாரி ஃபெர்குசன் 1920-களில் உருவாக்கினார். இன்றும் அடிப்படை அதேதான்: கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் என்ற ஒரு இணைப்புக் கம்பி. மூன்றும் மெஷினில் உள்ள பின்களில், அதாவது உருண்டையான இரும்பு முளைகளில், மாட்டும். மெஷினைத் தூக்கியதும் அதன் எடை பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். டாப் லிங்க் மேலிருந்து முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும். கீழ் இரண்டு பின்களும் டிராக்டர் பக்கமாக அழுத்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஷின் 150 கிலோ, உரம் 50 கிலோ மூட்டையில் எட்டு. மொத்தம் 550 கிலோ. எடையின் மையம் கீழ் பின்களிலிருந்து 70 செ.மீ. பின்னால் இருக்கிறது, கீழ் பின்னுக்கும் மேல் பின்னுக்கும் இடையே உயரம் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 550-ஐ 0.7-ஆல் பெருக்கி 0.5-ஆல் வகுத்தால் 770. டிராக்டர் அசையாமல் நிற்கும்போதே டாப் லிங்க்கில் 770 கிலோ இழுப்பு இருக்கிறது. வடிகால் கான் மேல் போட்ட பலகைப் பாலத்தில் சக்கரம் குதித்து இறங்கினால் இது சுலபமாக இரட்டிப்பாகும், ஒன்றரை டன்னைத் தாண்டும். இன்னொரு மூட்டை கூடுதலாகக் கொட்டினால் டாப் லிங்க்கில் 70 கிலோ கூடும். 1885-இல் கட்டிய கடிகாரக் கோபுரமே சாய்ந்து நிற்கும் அளவுக்கு இளகலான மண் எங்கள் ஊருடையது. மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதையில் எவ்வளவு பள்ளம் விழும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளமும் ஹிட்சுக்கு ஒரு சம்மட்டி அடிதான்.

வெல்டிங் மெஷினைத் தொடும் முன்

கீறல் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் ஒட்டக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது பக்கச் சங்கிலி. கீழ்க் கைகள் இரண்டும் இடம் வலமாக ஆடாமல் பிடிக்கிற சங்கிலி அல்லது கம்பி தளர்ந்திருந்தால், திரும்பும்போதெல்லாம் மெஷின் முழுவதும் பக்கவாட்டில் வீசும். கீழ் பின் பிடிப்பான்கள் முன்னும் பின்னும் வரும் விசைக்காகச் செய்தவை. பக்கவாட்டில் அடித்தால் அடியோடு பிளந்துவிடும். உரம் வீசும் மெஷினுக்குச் சங்கிலியை ஆட்டம் இல்லாத அளவுக்கு முறுக்கி வைக்கலாம்.

அடுத்து பின் அளவு. மும்முனை இணைப்புக்குக் கேட்டகிரி என்ற அளவு வகைகள் உண்டு. சிறிய டிராக்டர்களின் கேட்டகிரி 1-இல் கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. பெரியவற்றின் கேட்டகிரி 2-இல் கீழ் பின் 28 மி.மீ. சொச்சம், மேல் பின் 25 மி.மீ. சொச்சம். கேட்டகிரி 2 டிராக்டரில் கேட்டகிரி 1 மெஷினை மாட்டும்போது நடுவில் புஷ், அதாவது இடைவெளியை நிரப்பும் இரும்புக் குழல், போட வேண்டும். அந்தப் புஷ் தொலைந்தும் "பரவாயில்லை, ஓடுது" என்று ஓட்டுகிறவர்கள் நிறைய. உள்ளே 6 மி.மீ. இடைவெளியில் பின் ஆடி ஆடி அடிக்கும்போது எந்த வெல்டிங்கும் தாங்காது. சில வெள்ளி புஷ்ஷுக்காக ஒரு சட்டத்தையே இழக்க வேண்டாம்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் யோசிப்பதில்லை. யூரியாவும் பொட்டாஷும் ஒரே எடை இல்லை. 500 லிட்டர் தொட்டியில் யூரியா சுமார் 375 கிலோ பிடிக்கும். அதே தொட்டியில் பொட்டாஷை விளிம்பு வரை கொட்டினால் 500 கிலோவைத் தாண்டும். தொட்டி நிறைவதை வைத்து அளந்தால் தப்பு வரும், மூட்டையை எண்ணிக் கொட்ட வேண்டும். மெஷின் செய்தவர்கள் எத்தனை கிலோ என்று தட்டில் அடித்திருக்கிறார்களோ அதற்கு மேல் போகக் கூடாது. ஹிட்சைப் பலப்படுத்திய பிறகும் இந்த எல்லை மாறாது. ஹிட்ச் தாங்கினாலும் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

இறக்கிக் கழுவுதல்

மெஷினை டிராக்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டிய நிலையிலேயே ஒட்டினால் கரன்ட் டிராக்டர் வழியாகப் போய் ஆல்டர்னேட்டரையும் எலக்ட்ரானிக் பெட்டியையும் கெடுக்கும். கழற்ற வழியே இல்லையென்றால் பேட்டரி ஒயரையாவது எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் தூக்கி வைத்திருக்கிறது என்று நம்பி அடியில் கையோ காலோ வைக்கவே கூடாது. தடித்த மரக் கட்டைகளை அடுக்கி, மெஷின் ஆடாமல் உட்கார்ந்த பிறகுதான் வேலை.

அப்புறம் கழுவுதல். தண்ணீர் பீய்ச்சி, கம்பி பிரஷ் போட்டு, மூலை முடுக்கில் இறுகிப்போன உரத்தை எல்லாம் எடுக்க வேண்டும். யூரியா சூடேறினால் அம்மோனியா வரும், கண்ணும் நெஞ்சும் எரியும். நைட்ரேட் கலந்த உரம் தீயை வளர்க்கும். பொட்டாஷ் ஒட்டியிருந்தால் வெல்டிங்கில் ஓட்டை விழும். கழுவிவிட்டு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மழைநாளாக இருந்தால் கேஸ் டார்ச்சால் லேசாகச் சூடுகாட்டி ஈரத்தை ஓட்டலாம்.

கீறலைத் தேடுதல்

கண்ணுக்குத் தெரிகிற கீறல் பாதிதான். நுனி எப்போதும் மறைந்திருக்கும். இதற்கு விலை அதிகமான மருந்து வேண்டியதில்லை. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியும்படி செய்து, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடையுங்கள். மேலே சாக்பீஸ் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கீறலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலே வரும். வெள்ளையில் ஈரக் கோடு ஓடும். அந்தக் கோடு எங்கே முடிகிறதோ அங்கே புள்ளி வையுங்கள். முதல்முறை செய்து பார்க்கிறவர்கள் நினைத்ததைவிடக் கீறல் எவ்வளவு நீளம் என்று மலைத்துப்போவார்கள்.

கீறலின் இரண்டு நுனியிலும், புள்ளிக்குச் சற்று வெளியே, 6 மி.மீ. துளை போடுங்கள். கூர்மையான நுனி வட்டமானால் கீறல் மேலே ஓடாது. பிறகு கிரைண்டரால் கீறல் முழுவதையும் வி வடிவத்தில் பள்ளம் தோண்டி, பழைய வெல்டிங்கையும் எடுத்துவிட்டு, நல்ல இரும்பு வரை போக வேண்டும். கீறலை விட்டுவிட்டு மேலே மட்டும் ஒட்டினால் அது உள்ளிருந்தே மறுபடி வளரும். பள்ளத்தை நிரப்பி, துளைகளையும் ஒட்டி மூடி, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிடுங்கள்.

கீழ் பின்கள்: பாதிப் பலன் இங்கேதான்

நிறைய மெஷின்களில் கீழ் பின் ஒரு தகட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு, மறுபக்கம் காற்று. பின்னின் வெளி நுனியையும் ஒரு தகடு பிடித்துக்கொண்டால் பின்னில் வரும் வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். வெட்டு விசையும் ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடத்தில் பிரிந்துகொள்ளும். தகட்டின் அடியில் வரும் முறுக்கலும் போய்விடும். நான் எந்த மெஷினை எடுத்தாலும் முதலில் செய்வது இந்த மாற்றத்தைத்தான்.

டிராக்டர் கையின் நுனியில் இருக்கும் உருண்டையின் அகலத்தை அளந்து, அதோடு 3 அல்லது 4 மி.மீ. சேர்த்து, அந்த இடைவெளி விட்டு வெளித்தகட்டை நிறுத்துங்கள். 10 மி.மீ. தகடு போதும், பெரிய மெஷினுக்கு 12. இரண்டு தகட்டையும் பின்பக்கம் ஒரு தகட்டால் இணைத்துப் பெட்டி போல ஆக்கிவிட்டால் பக்கவாட்டு அடியையும் தாங்கும்.

இங்கே அளவு தப்பினால் மெஷின் டிராக்டரில் ஏறாது. இரண்டு கீழ்ப் பிடிப்புகளுக்கும் இடையே உள்ள அகலம் கேட்டகிரி 1-இல் 683 மி.மீ., கேட்டகிரி 2-இல் 825 மி.மீ. இந்த அகலம் மாறக் கூடாது. இடது, வலது, உள், வெளி என்று நாலு தகட்டின் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். இதற்கு ஒரு வழி: துளை அளவுக்குச் சரியான, வளைவில்லாத நீளமான ஷாஃப்ட் ஒன்றை நாலு துளைக்குள்ளும் குறுக்கே செருகிவிட்டு, அதன் பிறகு டாக் வையுங்கள், அதாவது சின்னச் சின்னப் புள்ளியாக மட்டும் ஒட்டிப் பிடிக்க வையுங்கள். ஷாஃப்ட் கையால் தள்ளினால் சுழல வேண்டும். இறுகினால் டாக்கை உடைத்துவிட்டு மறுபடி வையுங்கள். முழுவதும் ஒட்டிய பிறகு வருத்தப்படுவதைவிட இது மேல்.

பழைய துளை முட்டை வடிவமாகிப் போயிருந்தால் வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளைக்காதீர்கள். துளையைப் பெரிதாக்கி, தடித்த சுவருள்ள புஷ்ஷை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் ஒட்டுவது நீண்டநாள் நிற்கும். பின்னைக் கடையில் ஹிட்ச் பின் என்று கேட்டு வாங்குங்கள். கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடுவதும், பழைய பின்னின் தேய்ந்த இடத்தை ஒட்டி நிரப்புவதும் ஆபத்து. பதப்படுத்திய இரும்பு, வெல்டிங் சூட்டில் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போல ஆகிவிடும். டிராக்டரின் கைகளுக்கும் இதே விதிதான், அவற்றில் வெல்டிங் குச்சி படவே கூடாது.

மாஸ்ட்டும் பின்தாங்கியும்

மாஸ்ட் என்பது டாப் லிங்க் மாட்டும் நடுத்தூண். டாப் லிங்க் முன்பக்கம் இழுப்பதால் தூணின் அடியில், பின்முகத்தில்தான் முதல் கீறல் விழும். அடியில் முக்கோணத் தகடு வைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அது கீறலை முக்கோணத்தின் மேல் நுனிக்கு நகர்த்தும், அவ்வளவுதான். சரியான வழி, தூணின் உச்சியிலிருந்து மெஷின் சட்டத்தின் பின்பகுதிக்குச் சாய்வாக ஒரு தாங்கி. ஒன்று போதாது, வி போல இரண்டாகப் பிரிந்து இடது வலது சட்டங்களில் உட்கார்ந்தால் தூண் முறுக்கிக்கொள்ளாது. விசை நேராகத் தாங்கிக்குப் போய்விடும், தூணின் அடியில் வளைவு மிக மிகக் குறையும்.

தாங்கிக்குப் பட்டை இரும்பு வேண்டாம். தூக்கிய நிலையில் அது இழுபடும், பட்டை அதைத் தாங்கும். ஆனால் மெஷினை இறக்கும்போது பின்பகுதி மண்மேட்டில் இடித்தால் விசை தலைகீழாகும், தாங்கி அமுங்கும். பட்டை அப்போது வில்லாக வளைந்துவிடும். 40 மி.மீ. சதுரக் குழாய், 4 மி.மீ. சுவர், இரண்டு பக்கத்துக்கும் ஈடுகொடுக்கும். குழாயின் இரண்டு வாயையும் ஒட்டி அடைத்துவிடுங்கள். திறந்த குழாய்க்குள் பொட்டாஷ் தூள் போய் உட்கார்ந்தால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தின்றுவிடும்.

தாங்கி உட்காரும் இடம் மெல்லிய சட்டமாக இருந்தால் அங்கே ஒரு அடித்தகடு வேண்டும். அது சட்டத்தின் தடிப்பைவிட அதிகம் போகாமல் இருப்பது நல்லது. சட்டம் 6 மி.மீ. என்றால் தகடும் 6. வடிவம் சதுரம் வேண்டாம், வைரக்கல் போல இரண்டு முனையும் கூராக வரட்டும். அப்போது வெல்டிங் சட்டத்துக்குக் குறுக்கே ஓடாமல் சாய்வாக ஓடும், விறைப்பு சிறிது சிறிதாகக் குறையும். என் முதல் தகடு தோற்றது இந்த ஒரு காரணத்தால்தான்.

பிடிஓ ஷாஃப்ட்டை, அதாவது டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுவரும் தண்டை, மறக்காதீர்கள். தாங்கியோ தகடோ அதன் வழியில் வரக் கூடாது, தூக்கினாலும் இறக்கினாலும். பின்களை முன்னே பின்னே நகர்த்தினால் ஷாஃப்ட்டின் நீளமும் மாறிவிடும், அதனால் பின் இருக்கும் இடத்தை அப்படியே வைத்திருங்கள். புல் வெட்டும் சிலாஷர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: சிலாஷரில் டாப் லிங்க் மாட்டும் துண்டு முன்னும் பின்னும் ஆடும்படி செய்திருப்பார்கள். நிலத்தின் மேடு பள்ளத்துக்கு மெஷின் இசைந்து போவதற்கான ஆட்டம் அது. தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதை ஒட்டி இறுக்கிவிடாதீர்கள்.

ஒட்டும் முறை

பாரம் தாங்கும் இடத்துக்கு 7018 என்ற வகை வெல்டிங் குச்சி. 6013 சுலபமாக எரியும், தழும்பு அழகாக வரும், ஆனால் அடியும் அதிர்வும் விழும் இடத்தில் 7018-இன் இழுபடும் தன்மை வேண்டும். ஒரே சிக்கல் ஈரம். நம் நாட்டுக் காற்றில் பிரித்த பெட்டியை ஒரு இரவு வெளியே வைத்தாலே அது ஈரம் குடிக்கும். பிறகு ஒட்டிய இடம் மறைவாக வெடிக்கும். திரும்பக் காயவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வீட்டு ஓவன் போதாது. சின்னப் பெட்டியாக வாங்கி, வேலை அன்று பிரித்து, அன்றே முடித்துவிடுவது நல்லது.

3.2 மி.மீ. குச்சிக்கு 110 முதல் 130 ஆம்பியர், டிசி, குச்சி பாசிட்டிவில். நுனியை இரும்பை ஒட்டியே பிடியுங்கள். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரன்ட் கியர்பாக்ஸ் பேரிங் வழியாகப் பாய்ந்து அதில் பொறி விழுந்து குழியாகும்.

10 மி.மீ. தகட்டுக்கு 8 மி.மீ. கால் (தகட்டின் மேல் தழும்பு படியும் அகலம்) உள்ள தழும்பு போதும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: அதன் கழுத்து, அதாவது உள்மூலையிலிருந்து தழும்பின் முகம் வரை உள்ள தடிப்பு, சுமார் 5.6 மி.மீ., பத்து செ.மீ. நீளம் ஒழுங்காக ஒட்டினால் அசையாத பாரத்தில் ஐந்து டன்னுக்கு மேல் தாங்கும். அதனால் மலை போலக் குவிக்கத் தேவையில்லை. ஒரே இடத்தில் சூட்டைக் கொட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் டாக் வைத்து, மெஷினை டிராக்டரில் மாட்டிப் பார்த்து, கழற்றி, இடது பக்கம் ஐந்து செ.மீ., வலது பக்கம் ஐந்து செ.மீ. என்று மாறி மாறிப் போடுங்கள். தகட்டின் மூலையில் நிறுத்தாதீர்கள், மூலையைச் சுற்றிக்கொண்டு போய் நேர்ப்பகுதியில் முடியுங்கள். தழும்பின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அதுவே அடுத்த கீறலின் விதை, நிரப்பித் தேய்த்துவிடுங்கள். தானாக ஆறட்டும், அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சட்டம் தொட்டியோடு போல்ட்டில் பிடித்திருந்தால் பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். தலையில் 8.8 என்று அடித்த புதிய போல்ட், பூட்டு நட். எம்16 என்றால் டார்க் ரெஞ்சில் சுமார் 200 நியூட்டன் மீட்டர்.

சோதனை

டிராக்டரில் மாட்டி, வெறும் தொட்டியோடு மெல்லத் தூக்கி இறக்குங்கள். புதிய வெளித்தகடு டிராக்டரின் கையில் எங்காவது உரசுகிறதா என்று ஒருவர் பக்கத்தில், பின்னால் அல்ல, நின்று பார்க்கட்டும். பிறகு பாதி உரம் போட்டு மண் பாதையில் ஒரு சுற்று. திரும்பி வந்ததும் சாக்பீஸ் வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். சரியாக இருந்தால் முழு பாரம். மூட்டை கொட்டும்போது தொட்டியைத் தரையில் இறக்கி வைத்துத்தான் கொட்ட வேண்டும் என்று மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், காலையில் ஆள் கூடும் பெரட்டிலேயே சொல்லிவிட்டால் நல்லது. முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

பெயின்ட் கடைசி. துரு தடுக்கும் பிரைமர் இரண்டு கை, காய்ந்ததும் மேல் பூச்சு. வெல்டிங் இருக்கும் இடங்களுக்கு மட்டும் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ அடியுங்கள். கறுப்பு, அடர் பச்சையில் கீறல் ஒளிந்துகொள்ளும். வெளிர் நிறத்தில் கீறல் விழுந்தால் இரண்டு மழைக்குள் துரு கசிந்து பழுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். மாலையில் மெஷினைக் கழுவும் தம்பிக்கு அந்தக் கோட்டைக் காட்டிக் கொடுத்து வையுங்கள். அவர் கண்ணில்தான் அது முதலில் படும்.